சாவி யார் கையில்?



திரை தூக்கியாகிவிட்டது. மேடையிலே நாயகன் நெஞ்சம் குமுறப் பேசிக்கொண்டிருக்கிறான். அந்த நேரம் பார்த்துக் கொட்டகைக்காரர் வந்து, வாடகைக் கணக்கு ஒத்துவரவில்லை என்று விளக்கை அணைத்துவிட்டுப் போனால் எப்படி இருக்கும்? எனக்கு அப்படி நேர்ந்ததுண்டு. ஊரைச் சொல்லமாட்டேன். அன்று அணைந்தது ஒரு நாடகம். மறுவாரமே வேறு ஊரிலே அதே நாடகத்தைப் போட்டோம். ஆனால் 2013ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் முதல் நாளன்று அணைந்ததே ஒரு விளக்கு, அதை மறுபடி ஏற்ற யாராலும் முடியவில்லை. ஏற்றவேண்டியவர்கள் பிள்ளைகள். அணைத்தவர்கள் பெரியவர்கள்.

திங்க்குவெஸ்ட் என்பது அதன் பெயர். 1996இல் அமெரிக்காவில் தொடங்கிய போட்டி. வெவ்வேறு நாட்டுப் பள்ளி மாணவர்கள், ஒருவர் முகத்தை ஒருவர் கண்டறியாமலே குழுவாகச் சேர்வார்கள். வானியலோ, வரலாறோ, வாட்டும் நோயோ, ஏதோ ஒரு பொருளை எடுத்துக்கொள்வார்கள். ஒருவன் எழுதுவான், ஒருத்தி படம் தீட்டுவாள், இன்னொருவன் பிழை களைவான். ஒரு நாட்டிலே ஒருவன் உறங்கும் வேளையில் மறு நாட்டிலே மற்றவன் விழித்திருந்து வேலையைத் தொடர்வான். அப்படிப் படைத்த இணைய ஏடுகள் 8000க்கு மேல் குவிந்தன. பிள்ளைகள் எழுதி, பிள்ளைகள் படிக்க, பிள்ளைகளே கட்டிய நூலகம்! 2002இல் அந்த நூலகம் ஆரக்கிள் நிறுவனத்தின் கல்வி அறக்கட்டளையின் கைக்குப் போயிற்று. 2013இல் கதவு சாத்தப்பட்டது. எஞ்சியவை, இணையக் காப்பகம் என்ற வேறோர் அமைப்பு எடுத்துவைத்திருந்த படிகள்.

"போனால் போகட்டும், பிள்ளை விளையாட்டுத்தானே!" என்று உதட்டைப் பிதுக்குகிற மேதாவிகள் உண்டு. மதிப்பெண் வருமா, தேர்வுக்கு உதவுமா என்று தராசு தூக்கி வருவார்கள். கல்லூரியைப் பாதியிலே விட்டுவந்தவன் நான். எந்தத் தேர்வும் எனக்குக் கற்றுத்தராத ஒன்றை அந்த மேதாவிகளுக்குச் சொல்கிறேன். தன் ஊரை, அந்த ஊரைப் பார்த்திராத ஒருவனுக்குப் புரியும்படி எழுதிப்பார்க்கிறபோதுதான் தன் ஊரே தனக்குத் தெரியவருகிறது.

ஐஎர்ன் என்ற பன்னாட்டுப் பள்ளி வலையமைப்பிலே ஒரு திட்டம் இருக்கிறது. இரு நாட்டு வகுப்புகள் ஆளுக்கொரு பொம்மையை, கரடியோ வேறு விலங்கோ, அஞ்சலிலே ஒருவருக்கொருவர் அனுப்பிவைக்கும். வந்த பொம்மை விருந்தாளி. அதைப் பிள்ளைகள் வீட்டுக்கு எடுத்துப்போவார்கள், கடைத்தெருவுக்குக் கூட்டிப்போவார்கள். பிறகு அந்தப் பொம்மையே எழுதுவதுபோல நாட்குறிப்பு எழுதி அதன் சொந்த ஊருக்கு மின்னஞ்சலில் அனுப்புவார்கள். "இன்று எனக்கு என்ன தின்னக் கொடுத்தார்கள் தெரியுமா?" என்று கரடி கேட்கவேண்டும்! நாள்தோறும் தான் தின்னும் உணவை அயலானின் கண்கொண்டு பார்த்தாலொழிய அந்த வரியை ஒரு சிறுமி எழுத முடியுமா? நாடகம் எழுதுகிறவன் சொல்கிறேன், இது எளிய வித்தையல்ல. பிறன் வாயால் பேசுவது எங்கள் தொழிலிலேயே கடினமான வேலை.

அறிவியல் வேண்டுமென்பாருக்கு அதுவும் உண்டு. 1994இல் அறிவிக்கப்பட்ட குளோப் திட்டத்திலே மாணவர்கள் மழையை அளக்கிறார்கள், மேகத்தைக் குறிக்கிறார்கள், மண்ணைச் சோதிக்கிறார்கள். நாடு நாடாக அளந்ததெல்லாம் ஒரே களஞ்சியத்தில் சேர்கிறது. விஞ்ஞானிகள் அதை எடுத்துப் பயன்படுத்துகிறார்கள். மேகம் கடவுச்சீட்டு கேட்டா எல்லை கடக்கிறது?

ஐஎர்ன் பிறந்த கதையையும் கேள், தோழா. 1988. அமெரிக்காவும் சோவியத் நாடும் ஒன்றையொன்று குறிவைத்து அணு ஏவுகணைகளை நிறுத்திவைத்திருந்த காலம். ஒருவகை ஏவுகணைகளை ஒழிப்பதற்கு 1987 டிசம்பரில்தான் ரீகனும் கோர்பச்சேவும் கையெழுத்திட்டிருந்தார்கள். அந்த நாளிலே நியூயார்க் மாநிலப் பள்ளிகளையும் மாஸ்கோ பள்ளிகளையும் கணினி வழியே இணைத்தார்கள். தளபதிகள் வரைபடத்திலே இலக்கு குறித்துவைத்த ஊர்களின் பிள்ளைகள், கூடிப் பாடம் செய்தார்கள்!

அதற்கு வித்திட்டவர் பீட்டர் கோப்பன் என்ற அமெரிக்கச் செல்வர். பணக்காரர் தொட்டதெல்லாம் பாழ் என்று நான் வாதாட வரவில்லை என்பதற்காகத்தான் பெயரைச் சொன்னேன். ஆனால் பின்னாலே நடந்ததைப் பார். 1994இல் அர்ஜெண்டினா நாட்டின் புவேர்ட்டோ மாட்ரின் நகரிலே பல நாட்டு ஆசிரியர்கள் கூடினார்கள். நாடுகளின் பிரதிநிதிகள் அடங்கிய பொது அமைப்பாக அது உருவெடுத்தது. ஒருவர் கைச்சாவி பலர் கைக்கு மாறியது. திங்க்குவெஸ்ட் பிள்ளைகளின் கையிலோ சாவி ஒருநாளும் இருந்ததில்லை.

இன்னும் பின்னோக்கிப் போகலாம். பிரான்சு நாட்டின் தென்கோடியிலே, பார்-சூர்-லூ என்ற சிற்றூரிலே, செலஸ்தேன் ஃப்ரெனே என்றோர் ஆசிரியர் இருந்தார். முதல் உலகப் போரிலே நுரையீரலில் குண்டு பாய்ந்தவர். வகுப்பிலே நெடுநேரம் உரக்கப் பேச இயலாதவர். 1924இல் சிறிய அச்சுப்பொறி ஒன்றை வாங்கிப் பிள்ளைகளிடம் கொடுத்தார். தாங்கள் எழுதியதைத் தாங்களே எழுத்துக் கோத்து அச்சிட்டார்கள். 1926இல் அந்தத் தாள்கள், நாட்டின் மறுகோடியிலே கடலோர ஊரொன்றில் இருந்த ரெனே டேனியல் என்ற ஆசிரியரின் வகுப்புக்கு அஞ்சலில் போயின. அங்கிருந்தும் தாள்கள் வந்தன. மலையூர்ப் பிள்ளைக்குக் கடல் வந்து சேர்ந்தது, கடலூர்ப் பிள்ளைக்கு மலை வந்து சேர்ந்தது. பிறகு ஃப்ரெனே மாறிப்போன ஊரிலே, 1932இலும் 1933இலும், சுவரொட்டி ஒட்டி அவரைத் தூற்றினார்கள், அரசுப் பள்ளியை விட்டே விலகச் செய்தார்கள். ஆனால் தூற்றியவர்களால் ஒன்று மட்டும் முடியவில்லை. ஆயிரம் கல் தொலைவிலே ஒரு மாணவன் பெட்டியில் வைத்திருந்த அச்சுத்தாளை அழிக்க முடியவில்லை! இன்றைய பிள்ளை அந்தப் பிள்ளையைவிட விரைவாக எழுதுகிறான், விரைவாக அனுப்புகிறான். வைத்துக்கொள்ளப் பெட்டி மட்டும் அவனுக்கு இல்லை.

அப்படியானால் அரசின் கையிலே கொடுத்துவிட்டால் தீர்ந்ததா? இங்கேதான் நம்மவரும் ஏமாறுகிறார்கள். ஐரோப்பிய ஆணையம் 2005இல் ஈட்வின்னிங் என்ற திட்டத்தைத் தொடங்கியது. இரு நாட்டு ஆசிரியர்கள் இணைந்து, தங்கள் வகுப்புகளுக்கு மட்டுமான இணைய அறை ஒன்றை அமைத்து, பிள்ளைகளை அதிலே கூடி வேலை செய்யவைப்பது. பிரிட்டிஷ் பள்ளிகளும் அதில் இருந்தன. பின்னர் அது எராஸ்மஸ் பிளஸ் என்ற பெருந்திட்டத்தின் பகுதியாயிற்று. ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு பிரிட்டன் விலகும் வேளை வந்தது. எராஸ்மஸுக்கு ஆபத்து ஏதுமில்லை என்று 2020 ஜனவரியிலே நாடாளுமன்றத்தில் முழங்கினார் பிரதமர் போரிஸ் ஜான்சன். அதே ஆண்டு டிசம்பர் 24ஆம் நாள், அதிலிருந்து விலகுவதாக அறிவித்தவரும் அவரே! ஆண்டு முழுதாக ஓடுமுன்னே வாக்கு காற்றோடு போயிற்று. எராஸ்மஸ் போனதோடு ஈட்வின்னிங் வாசலும் பிரிட்டிஷ் பள்ளிகளுக்கு அடைபட்டது.

மாற்றாக டியூரிங் திட்டம் தந்தோம் என்றார்கள். அது பிரிட்டிஷ் மாணவரை வெளிநாடு அனுப்பப் பணம் தருவது. அயல்நாட்டார் வந்து போக அதிலே காசு இல்லை. இரு வகுப்புகள் ஆண்டு முழுதும் கூடி வேலை செய்யும் அறையும் அதிலே இல்லை. விமானச் சீட்டு வேறு, வகுப்பறை வேறு. ஏழை வீட்டுப் பிள்ளைக்கு, அயல்நாடு போக வாய்க்காத பிள்ளைக்கு, அந்த இணைய அறைதான் அயல்நாடு. அதைத்தான் பறித்தார்கள்.

ஆகவே கேட்கிறேன். நிறுவனமானாலும் அரசானாலும், பிள்ளைகளைக் கூட்டிவைத்து வேலை வாங்கும் எவரும், மூடுவதற்கு முன்னாலே அவரவர் படைப்பை அவரவர் பள்ளிக்குத் திருப்பித் தரவேண்டும் என்று ஏன் சட்டம் இருக்கக் கூடாது? நாட்டு நூலகம் ஒன்றிலே நிலையாகச் சேர்த்துவைப்பதற்கு என்ன தடை? மாலையிலே, விடுமுறையிலே, தன் சொந்த நேரத்தைச் செலவிட்டு அயல்நாட்டு ஆசிரியரோடு திட்டம் தீட்டுகிற ஆசிரியரின் உழைப்பை வேலை நேரமாகக் கணக்கிட எந்த அமைச்சர் கை நடுங்குகிறது? கணினி இல்லாத பள்ளிக்குக் கணினி தராமல் "உலகமே ஒரு வகுப்பறை" என்று மேடையிலே முழங்குவதற்கு மட்டும் எங்கிருந்து வருகிறது துணிவு?

இப்போது புதுச் செய்தி. 2027 முதல் எராஸ்மஸ் பிளஸ் திட்டத்திலே மீண்டும் சேர பிரிட்டன் உடன்பட்டிருப்பதாக 2025 டிசம்பரிலே அறிவித்தார்கள். மகிழ்ச்சிதான். ஆனால் கணக்கைப் போட்டுப் பார், தோழா. 2020 டிசம்பரிலே கதவு சாத்தப்பட்டபோது பதினொரு வயதிலே இருந்த சிறுவன், அது திறக்கிற ஆண்டிலே பதினெட்டை எட்டுவான். அவன் படித்த வகுப்பிலே அப்போது வேறு பிள்ளைகள் உட்கார்ந்திருப்பார்கள்.