கண்ணாடிச் சுவர் கட்டுங்கள், ஜன்னலை அடைக்காதீர்கள்

கும்பகோணத்தில் புது வீடு கட்டுகிறவர்கள் கேட்கும் பட்டியலில் கிளாஸ் பிளாக் என்ற கண்ணாடிக் கல் ஏறிவிட்டது. மாடிப்படி ஓரம் ஒரு பத்தி, குளியலறையில் ஒரு சதுரம், வாசல் நிலைக்கு இருபுறமும் இரண்டு வரிசை. வீடு கட்டித் தருவதுதான் என் தொழில் என்பதால் இந்தப் பேச்சு என்னிடம் வராமல் போவதில்லை. ஆசை நல்ல ஆசைதான். ஆனால் படுக்கையறைப் பிளானைக் காட்டி, “ஜன்னலுக்குப் பதிலா இங்கயும் இதையே வச்சிடலாமேம்மா, கொசு வராது, தூசு வராது, திருடனும் வர மாட்டான்” என்று சொல்லும்போதுதான் எனக்கும் அவர்களுக்கும் சண்டை தொடங்குகிறது. காற்றும் வராது என்பதை யாரும் அந்தப் பட்டியலில் சேர்ப்பதில்லை.

இந்த ஆசை எங்கிருந்து வருகிறது என்பது எனக்குத் தெரியும். எங்கள் ஊர்ப் பழைய வீடுகள் குறுகலும் நீளமுமானவை. திண்ணை, ரேழி, கூடம், முற்றம், அடுக்களை, கொல்லை என்று ஒரே நேர்கோட்டில் போகும். பக்கச் சுவர் இரண்டும் அண்டை வீட்டோடு ஒட்டியவை, அங்கே ஜன்னலுக்கு வழியில்லை. வெளிச்சமும் காற்றும் முற்றத்தின் வழியாகத்தான் இறங்கும். பிறகு பாகப்பிரிவினை வந்தது. நடுவே சுவர் எழுப்பி, ஆளுக்குப் பன்னிரண்டு அடி அகலம் என்று ஆனது. குரங்குக்குப் பயந்து முற்றத்துக்குக் கம்பி போட்டார்கள், அப்புறம் மாடிக்கு இடம் வேண்டுமென்று அதன் மேல் தளமே போட்டார்கள். இன்று அந்தக் கூடங்களில் பகல் பதினொரு மணிக்கு டியூப் லைட் எரிகிறது. ஓட்டுக்கூரை இருந்த காலத்தில் நாலைந்து ஓட்டுக்கு நடுவே ஒரு கண்ணாடி ஓடு செருகி, அந்த ஒற்றைச் சதுர வெயிலை வைத்தே மணி சொன்னவர்கள்தான் நம் பாட்டிமார். கான்கிரீட் வந்ததும் அந்த யோசனையையே மறந்துவிட்டோம்.

அப்படிப்பட்ட வீட்டில் கூடத்துக்கும் மாடிப்படிக்கும் நடுவே நிற்கும் சுவரில் கிளாஸ் பிளாக் வைத்தால், மொட்டைமாடி ஹெட்ரூமில் விழும் வெளிச்சம் படி வழியாக இறங்கிக் கூடம்வரை வரும். அந்த இடத்துக்கு இதைவிடப் பொருத்தமான சரக்கு கிடையாது. எப்படியும் சுவர்தான் வரப்போகிறது, காற்று வரப்போவதில்லை. அந்தச் சுவர் வெளிச்சத்தையாவது விடட்டுமே. என் கட்சி இவ்வளவுதான்: சுவர் வைக்க வேண்டிய இடத்தில் இதை வையுங்கள், ஜன்னல் வைக்க வேண்டிய இடத்தில் ஜன்னலையே வையுங்கள்.

பாரிசில் ‘மெசோன் த வேர்’, அதாவது கண்ணாடி வீடு, என்று ஒரு வீடு உண்டு. டால்சாஸ் என்ற மகளிர் மருத்துவருக்காகப் பியேர் ஷாரோ என்ற வடிவமைப்பாளர் 1928-ல் தொடங்கி 1932-ல் முடித்தது. பழைய கட்டடத்தை மொத்தமாக இடித்துவிட்டுக் கட்டத்தான் நினைத்தார்கள். மேல்மாடியில் குடியிருந்த மூதாட்டி நகர மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார். (குடியிருப்பவரைக் கிளப்ப முடியாத சங்கடம் பாரிசிலும் இருந்ததில் எனக்கு ஒரு அற்ப ஆறுதல்.) அவரை மேலேயே விட்டுவிட்டு, கீழ்த் தளங்களை மட்டும் எடுத்து, இரும்புத் தூண்களால் மாடியைத் தாங்கி, முகப்பின் பெரும்பகுதியைக் கண்ணாடிக் கல்லால் அடைத்தார்கள். கீழ்த்தளத்தில் கிளினிக். வெளிச்சம் வேண்டும், வெளியிலிருந்து யாரும் எட்டிப் பார்க்கக் கூடாது. நம் தெரு வீட்டுக் கணக்கும் ஏறக்குறைய இதே கணக்குதான். கண்ணாடி வீடு என்று உலகமே கொண்டாடும் அந்த வீட்டிலும் காற்றுக்குக் கண்ணாடியை நம்பவில்லை. சக்கரத்தைச் சுற்றினால் திறக்கும் இரும்புத் தகடுகளைத் தனியாக வைத்தார்கள். அதுவும் பாரிசில். ஐப்பசியில் ஈரமும் சித்திரையில் புழுக்கமும் உள்ள காவிரிக் கரையில் காற்றுக்கு வழி விடாமல் அறை கட்டினால் என்ன ஆகும்? சுண்ணாம்பு பூத்து உதிரும், அலமாரித் துணியில் பூஞ்சை வாசம் வரும், அப்புறம் ஏசி போடாமல் முடியாது.

இந்திய தேசியக் கட்டட விதித்தொகுப்பு நம்மைப் போன்ற ஈர வெப்ப ஊர்களுக்கு, அறையின் தரைப் பரப்பில் ஆறில் ஒரு பங்கு அளவுக்கு ஜன்னல் திறப்பு வேண்டும் என்கிறது, கதவைக் கணக்கில் சேர்க்காமல். 10-க்கு 12 அறை என்றால் 20 சதுர அடி. கிளாஸ் பிளாக்கை எத்தனை அடுக்கினாலும் இந்தக் கணக்கில் அது பூஜ்யம்தான். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். படுக்கையறையில் தீப்பிடித்துக் கதவுப் பக்கம் போக முடியாமல் ஆனால், ஜன்னல் கம்பியையாவது யாராவது வெளியிலிருந்து நெம்பலாம். கம்பி போட்டுக் கட்டிய கண்ணாடிச் சுவரை உடைத்து ஆள் நுழைவது அவ்வளவு சுலபமில்லை.

வெயில் எந்தப் பக்கம் விழுகிறது என்பது அடுத்தது. மேற்குச் சுவரில் வேண்டவே வேண்டாம். கல்லின் நடுவில் காற்று அடைபட்டிருப்பதால் ஒற்றைக் கண்ணாடியைவிடச் சூடு கடத்துவது குறைவுதான், அதை வைத்துத்தான் கடையில் விற்கிறார்கள். ஆனால் நேர் வெயில் கடத்தப்பட்டு வருவதில்லை, ஊடுருவி வருகிறது. பிற்பகல் மூன்று மணிக்கு மேற்கு வெயில் அதன் வழியாக வந்து தரையில் விழுந்தால், அந்தச் சூடு திரும்பிப் போக வழியில்லை, திறக்கவும் முடியாது, திரை போட்டால் பிறகு எதற்குக் கண்ணாடி? வடக்குச் சுவர்தான் உத்தமம். அங்கும் ஒரு சின்ன சன்ஷேடு போடுங்கள். எங்கள் ஊர் அட்சரேகைக்கு ஏப்ரல் பிற்பகுதியிலிருந்து ஆகஸ்ட் வரை நடுப்பகல் சூரியன் வடக்குப் பக்கம் சாய்ந்துதான் நிற்கும். “வடக்குல வெயிலே விழாதே” என்று சொல்கிறவர்கள் வைகாசியில் மொட்டைமாடிக்குப் போய்த் தங்கள் நிழலைப் பார்த்துக்கொள்ளலாம்.

இனி வேலை. பணம் வீணாவதும் பெயர் கெடுவதும் இங்கேதான்.

நம் கடைகளில் அதிகம் கிடைக்கும் கல் 190 மில்லிமீட்டர் சதுரம், 80 மில்லிமீட்டர் தடிமன். அச்சில் அழுத்திய இரண்டு கண்ணாடிக் கிண்ணங்களை வாயோடு வாய் வைத்துச் சூட்டில் ஒட்டியது. எடை ஏறக்குறைய இரண்டரைக் கிலோ. இடையில் 10 மில்லிமீட்டர் கலவை விட்டால் ஒரு மீட்டருக்கு ஐந்து கல், ஒரு சதுர மீட்டருக்கு 25. நம் கொத்தனாரோ அடிக்கணக்கில் வாழ்கிறவர். நீங்கள் சொல்லாவிட்டால் 3 அடிக்குத் திறப்பு விட்டுவிடுவார். 3 அடி என்றால் 914 மில்லிமீட்டர். நாலு கல் 790, ஐந்து கல் 990. ஐந்து நுழையாது. நாலு வைத்தால் ஐந்து அங்குலம் மிச்சம், அதைச் சிமென்ட் அப்பி மூடுவார்கள். செங்கல் என்றால் கரணையால் ஒரு போடு, அரைக்கல் தயார். இதை வெட்ட முடியாது. ஆகவே கல்லை முதலில் வாங்கித் தரையில் பரப்பி அளந்துவிட்டு அப்புறம் திறப்பை விடுங்கள். ஐந்து கல்லுக்கு 1,010 மில்லிமீட்டர், ஏறக்குறைய 3 அடி 4 அங்குலம்.

அந்த மிச்ச 20 மில்லிமீட்டர் எதற்கு என்பதுதான் பலருக்கும் புரிவதில்லை. அதற்கு முன் கலவை. என்னோடு வேலை செய்யும் பெரிய கொத்தனார் பழைய கை, தூக்குக்குண்டு பிடித்தால் மயிரிழை தப்பாது. முதன்முதலில் கிளாஸ் பிளாக் கொடுத்தபோது வழக்கமான பதத்தில் கலவை குழைத்து இரண்டாவது வரிசை ஏற்றினார். கல் நிற்கவில்லை. “வெரால் மீன் மாதிரி வழுக்கிட்டு ஓடுதேம்மா” என்றார். செங்கல் தண்ணீர் குடிக்கும், அதனால் கலவை சட்டென்று இறுகும். கண்ணாடி ஒரு சொட்டுக்கூடக் குடிக்காது. தண்ணீரைக் குறைத்து, கையில் பிடித்தால் உருண்டையாக நிற்கும் பதத்துக்கு வெள்ளை சிமென்டையும் சலித்த மணலையும் பிசையச் சொன்னேன். “ரொட்டி மாவு பதம்னு சொல்லேம்மா” என்று சிரித்தார். அன்றிலிருந்து அவர் கை தப்பவில்லை. ஒரே நாளில் உச்சிவரை ஏற்றவும் கூடாது. கீழ் வரிசை இறுகும்முன் மேலே பாரம் ஏற்றினால் கலவை பிதுங்கி மட்டம் போய்விடும். கரணைக் காம்பால் தட்டுகிற பழக்கத்தையும் விட வேண்டும், ரப்பர் சுத்தியல் போதும்.

செங்கல் கட்டில் ஒரு வரிசையின் மூட்டு அடுத்த வரிசைக் கல்லின் நடுவில் வரும். சுவரின் பலமே அந்தப் பின்னல்தான். கிளாஸ் பிளாக்கில் மூட்டுக்கு மேல் மூட்டு நேராகப் போகும், பார்க்க அழகு, பலம் கிடையாது. அதனால் இரண்டு வரிசைக்கு ஒரு தடவை படுக்கை மூட்டில் துருப்பிடிக்காத கம்பி ஓட வேண்டும். இந்தச் சுவர் தன் எடையை மட்டும்தான் சுமக்கும். அதன் தலைமேல் எதையும் வைக்கக் கூடாது. மேலே லிண்டலோ பீமோ தன் கால்களில் தானே நிற்க வேண்டும். அமெரிக்க வீட்டுக் கட்டட விதி இந்தத் தடிமன் கல்லுக்கு வெளிச்சுவரில் ஒரே பரப்பாக 85 சதுர அடியையும் 10 அடி உயரத்தையும் தாண்ட விடாது. இங்கேயோ படிக்கட்டுச் சுவரில் தரையிலிருந்து மொட்டைமாடிவரை ஒரே பத்தியாக வேண்டும் என்கிறார்கள். நடுவில் ஒரு பீம் போட்டு இரண்டாகப் பிரிக்கச் சொன்னால் “லுக் போயிடும்” என்று முகம் சுளிக்கிறார்கள்.

அந்த 20 மில்லிமீட்டருக்கு வருகிறேன். கோடையில் தெரிந்த குடும்பம் ஒன்று தங்கள் வீட்டுக்கு அழைத்துக் காட்டியது. வேறு ஒருவர் கட்டிய வீடு. மேற்குப் பார்த்த படிச்சுவரில் மேல் வரிசையில் மூன்று கல் குறுக்காக விரிசல் விட்டிருந்தது. ஒன்றின் உள்ளே, விரல் எட்டாத இடத்தில், தண்ணீர் முத்து முத்தாகக் கோத்து நின்றது. விரிசல் வழியே ஈரம் போய்விட்டால் இனி அதைத் துடைக்க யாராலும் முடியாது. “மட்டமான சரக்கக் கொடுத்து ஏமாத்திட்டாங்க” என்றார் வீட்டுக்காரர். சரக்கில் குற்றமில்லை. மேல் வரிசைக்கும் பீமுக்கும் நடுவே சிமென்ட் கலவையைத் திணித்து இறுக்கியிருந்தார்கள். வெயிலில் கண்ணாடி விரியும், பாரத்தில் பீம் கொஞ்சம் தொய்யும், நடுவில் ஒரு நூல் இடமில்லை. உடையாமல் என்ன செய்யும்? மேலேயும் இரண்டு பக்கமும் 10 மில்லிமீட்டர் இடம் விட்டு, அதில் தெர்மாக்கோல் பட்டையோ ஃபோமோ வைத்து, வெளியே சிலிக்கான் பூசியிருந்தால் போதும். கீழே கல் உட்காரும் இடத்தில் ஒரு கை தார்ப் பூச்சு. எல்லாம் சேர்த்து ஒரு கல்லின் விலைகூட ஆகாது. உடைந்த கல்லை மாற்றும் கூலியோ அப்படியில்லை. சுற்றிலும் மூட்டைக் கிரைண்டரால் அறுத்து, கல்லை நடுவிலிருந்து உடைத்தெடுத்து, பக்கத்துக் கல் சிராய்க்காமல் புதிதைப் பொருத்த வேண்டும்.

குளியலறையைப் பற்றி ஒரு வார்த்தை. எக்ஸாஸ்ட் ஃபேனுக்கு இடம் விட்டால் அங்கே தாராளமாக வைக்கலாம். ஆனால் அலை அலையாக இருக்கும் தெளிந்த கல்லை வாங்கிவிடாதீர்கள். பகலில் வெளியிலிருந்து ஒன்றும் தெரியாது, ராத்திரி உள்ளே விளக்குப் போட்டால் ஆள் நிற்பதும் குனிவதும் தெருவுக்கு நிழலாட்டமாகத் தெரியும். பனி படர்ந்த மாதிரியான ஃப்ராஸ்டட் கல்லைக் கேட்டு வாங்குங்கள்.

முற்றத்தை மூடிய தளத்தில் இதே கல்லைப் பதித்து வெளிச்சம் இறக்கலாம் என்று சிலர் கிளம்பியிருக்கிறார்கள். சுவருக்கான உள்ளீடற்ற கல் மனிதர் மிதிப்பதற்குச் செய்ததல்ல. தளத்துக்கென்று தடித்த கல் தனியாக இருக்கிறது, அது கிடைத்தால் செய்யுங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள். முற்றத்தையே திறந்து வைத்தால் இன்னும் நல்லது. அதைச் சொன்னால் எனக்கு வேலை கிடைப்பதில்லை.

பக்கத்து வீட்டாரிடம் சொல்லாமல் எல்லைச் சுவரில் வைக்காதீர்கள். பொதுச்சுவர் என்றால் அவர் சம்மதமில்லாமல் கைவைக்கவே கூடாது. உங்கள் சொந்தச் சுவராகவே இருந்தாலும் அவர் கேள்வி கேட்பார், அதில் நியாயம் உண்டு. 1882-ஆம் ஆண்டின் அனுபோக உரிமைச் சட்டப்படி ஒரு கட்டடத்துக்கு 20 வருஷம் தடையில்லாமல் வெளிச்சம் வந்துகொண்டிருந்தால் அந்த வெளிச்சம் உரிமையாகிவிடலாம். நாளை அவர் தன் இடத்தில் மாடி எழுப்பும்போது நீங்கள் கோர்ட்டுக்குப் போவீர்களோ என்ற பயம் அவருக்கு இருக்கும். அவர் எழுப்பினால் உங்கள் கண்ணாடிச் சுவர் வெறும் சுவராகிவிடுமே என்ற பயம் உங்களுக்கும் இருக்கட்டும். வீட்டின் உள்சுவரில் வைத்தால் இந்தத் தகராறே கிடையாது.

கல் ஒன்று சில நூறு ரூபாய். அதைப் பேரம் பேசி வாங்கிவிட்டு, கட்டுகிற கையைப் பார்க்காமல் விடுகிறார்கள். கொத்தனாருக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “மேல் வரிசைக்கும் பீமுக்கும் நடுவுல என்ன வைப்பீங்கண்ணே?” “நல்லா கலவ போட்டு டைட்டா அடைச்சிடுவோம்” என்று பதில் வந்தால் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.