தோஹாவில் நின்ற தென்சென்னைக்காரர்

திராவிடக் கட்சிகளின் கைக்கு வெளியுறவுத் துறை ஒருபோதும் வந்ததில்லை. ஆனாலும், உலக அரங்கில் இந்தியாவுக்காக மிக உறுதியாக வாதாடியவர்களில் ஒருவர் திமுக தலைவர்களில் ஒருவரான முரசொலி மாறன். அண்ணா முதல்வரானதும் காலியான தென்சென்னைத் தொகுதியில் 1967 இடைத்தேர்தலில் வென்று டெல்லி போனவர். 1974இல் ‘மாநில சுயாட்சி’ என்ற நூலை எழுதியவர்.

2001 நவம்பரில் வாஜ்பாய் அரசின் வர்த்தக அமைச்சராக, உலக வர்த்தக அமைப்பின் மாநாட்டுக்குத் தோஹா சென்றார். முதலீடு, போட்டிக் கொள்கை, அரசுக் கொள்முதல், வணிக நடைமுறைகளை எளிதாக்குதல் ஆகிய நான்கையும் அந்த அமைப்பின் பேச்சுவார்த்தைக்குள் கொண்டுவர ஐரோப்பிய ஒன்றியம் முனைந்தது. மாநாடு ஒரு நாள் நீண்டது. மாறன் இறங்கிவரவில்லை. எல்லா நாடுகளும் வெளிப்படையாக ஒப்புக்கொண்டால் மட்டுமே பேச்சு தொடங்கும் என்ற விளக்கத்தை மாநாட்டுத் தலைவரிடமிருந்து பெற்ற பிறகே சம்மதித்தார். பிடிவாதக்காரர் என்று மேலைநாட்டு ஏடுகள் சாடின. அந்தப் பிடிவாதம்தான் நமக்குத் தேவைப்பட்டது. 2004 ஜூலையில் நான்கில் மூன்று கைவிடப்பட்டன. அதற்குச் சில மாதங்கள் முன்பே, 2003 நவம்பரில், அவர் மறைந்துவிட்டார்.

மாநில உரிமை பேசுபவருக்கு நாட்டின் நலனில் அக்கறை இருக்காது என்று இன்றும் சொல்பவர்கள் தோஹா ஆவணங்களைப் படிக்கட்டும். நம் இளம் எம்.பி.க்களும் படிக்க வேண்டும்.