புயல்நேரத்துத் தண்ணீரைச் செல்போனில் தேடாதீர்கள்

ஓவியப் போட்டிகளுக்கு நடுவராகப் போகும்போதெல்லாம் ஒரே அருவிதான் கண்ணில் படுகிறது. மேலே கருமேகம், கீழே பாறை, நடுவே பாலாய் வழுக்கிக்கொண்டு இறங்கும் தண்ணீர். மெதுவான ஷட்டரில் எடுத்த புகைப்படத்தைச் செல்போனில் வைத்துக்கொண்டு, எண்ணெய் வண்ணத்தில் அப்படியே தீட்டியது. 'தத்ரூபம்' என்ற பாராட்டோடு பரிசும் வாங்கிவிடுகிறது. மனிதக் கண் ஒருநாளும் தண்ணீரை அப்படிப் பார்த்ததில்லை.

ஐப்பசி அடைமழையில் குற்றாலம் பேரருவியைப் பாருங்கள். வெள்ளம் வந்துவிட்டால் செம்மண் நிறம். யெல்லோ ஆக்கரையும் பர்ன்ட் அம்பரையும் குழைத்தால்தான் அது கிடைக்கும். அருவியின் நடுவே உள்ள பொங்குமாகடல் என்ற பள்ளத்தில் விழுந்து, எம்பி, மறுபடி பாய்கிற இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் ஒன்று பிடிபடும்: தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கிறது, பாறையைத் தாண்டும்போது அது எடுக்கிற வளைவு மட்டும் அதே இடத்தில் நிற்கிறது. வரைய வேண்டியது அந்த வளைவைத்தான். கருத்த வானத்தின் கீழ் நுரைகூடச் சாம்பல் நிறம்தான். டைட்டானியம் ஒயிட்டைக் கடைசிவரை தொடாமல் வைத்திருந்து, மேகம் விலகி வெளிச்சம் விழுகிற ஒரே இடத்தில் கனமாக வையுங்கள். படம் முழுக்க ஈரம் வந்துவிடும். முதல் பூச்சு டர்பன்டைனில் நீர்க்கக் கரைத்தது, லின்சீட் எண்ணெய் கூடிய வண்ணம் அதற்கு மேலே. இந்த வரிசையைத் தலைகீழாகப் போட்டால் நாளாவட்டத்தில் வெடிப்பு விடும். இதையெல்லாம் வகுப்பிலேயே சொல்லித் தந்துவிடலாம். வளைவைப் பார்க்க மட்டும் தண்ணீரிடம்தான் போக வேண்டும்.

பெரிய ஓவியர்களும் அப்படிப் போனவர்கள்தான். ஆங்கில ஓவியர் கான்ஸ்டபிள் 1820களில் பிரைட்டன் கடற்கரை மழைமேகத்தைக் காகிதத்தின் மேல் எண்ணெய் வண்ணத்தாலேயே அவசரமாகப் பிடித்தார். கொட்டும் மழை அதில் சில கருத்த இழுப்புகள்தான். 1850இல் 'ஒன்பதாவது அலை'யைத் தீட்டிய ரஷ்யக் கடல் ஓவியர் ஐவசோவ்ஸ்கியோ, அலையின் அசைவு தூரிகைக்கு அகப்படாது என்று நினைவிலிருந்தே வரைந்தார். கருங்கடல் ஓரத்து ஃபியோடோசியாவில் பிறந்து வளர்ந்தவருக்கு அந்த நினைவு எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டியதில்லை.

புகைப்படமே கூடாது என்பதல்ல என் வாதம். பாறையின் விரிசலையும் மரத்தின் சாய்வையும் சரிபார்க்க அது உதவும், ஓட்டத்துக்கு உதவாது.

ஓவிய ஆசிரியர்களே, இந்த மழைக்காலத்தில் மாணவர்களைப் பாதுகாப்பான தூரத்தில் நிறுத்தி, பென்சிலும் நோட்டும் மட்டும் கொடுத்து அரை மணி நேரம் பார்த்து வரைய விடுங்கள். போட்டி நடத்துபவர்கள் படத்தோடு அந்தக் கோட்டுச் சித்திரத்தையும் கேட்டு வாங்குங்கள். அது இல்லாத படத்துக்கு முதல் பரிசு வேண்டாம்.