களைக்கொல்லியும் ஏரி மீனும்

திருநீர்மலை நீரால் பெயர் பெற்ற ஊர். இன்று அங்கே வயலினும் மனைகளே மிகுதி. எனினும் அதனருகே ஓடும் அடையாறு மேற்கேயுள்ள ஏரிகளின் வடிநீரைத் தாங்கி வருவது. ஆகவே மேல்மடை வயலில் இட்ட மருந்து கீழ்மடை மீனைச் சேர வழியுண்டு.

நெல்வயலில் வழங்கும் பூட்டாக்குளோர் மீன்களுக்குக் கொடிய நஞ்சாகும். லிட்டர் நீரில் 1 மில்லிகிராமுக்குக் குறைந்த அளவே சிலவகை மீன்களில் பாதியை 96 மணி நேரத்தில் மாய்க்கவல்லது. நட்ட மூன்று, நான்கு நாட்களில் ஹெக்டேருக்கு 1.25 கிலோ மருந்துச்சத்தை 50 கிலோ மணலுடன் கலந்து, சிறிது நீர் நிற்கும் வயலில் தூவவேண்டும். பின் 2 நாள் நீரை வடித்தலும் புதுநீர் பாய்ச்சுதலும் ஆகா என்பது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் சிபாரிசு.

இவ்விதி களையழிவதற்கு மாத்திரமே என்று பலர் எண்ணுகின்றனர். அது மீனுக்கும் காவலாகும். ஆள் கிடையாத இக்காலத்தில் மருந்தை அறவே விட்டொழிக்கச் சொல்வது நியாயமன்று. ஆயினும் மேகம் திரண்டிருக்கையில் தூவினால் மருந்தும் பணமும் ஒருங்கே வாய்க்காலிற் போம். களையோ வயலில் நிற்கும்.

வரப்புக்குள் உள்ளவரை மருந்து நிலமுடையாரது பொறுப்பு. மடை கடந்த நீர் ஊராரின் பொதுச்சொத்து. மீன்பாசி குத்தகைதாரரும், கெண்டையும் குரவையும் பிடித்துண்ணும் ஏழைகளும் அந்நீரையே நம்பியுள்ளனர். ஆதலின் மருந்திடுமுன் வரப்பு ஓட்டைகளை அடைப்பதும், தெளிப்பான்களையும் காலிப் புட்டிகளையும் வாய்க்காலில் கழுவாதிருப்பதும் நிலமுடையாரின் கடமை. கிராம அதிகாரிகள் நடவுக்காலத்தில் இதனை அறிவித்து, மடைகளை மேற்பார்வையிடுவது நலம்.