1700 பேரும் எங்கேயும் தொலைந்து போகவில்லை!

2008 அக்டோபர் 25. பிரிட்டிஷ் தொலைக்காட்சிகளில் அன்று இரவு ஓடிய செய்தி: புயல் மழையில் மலை ஓட்டத்துக்குப் போன 1700-க்கும் மேற்பட்டவர்களைக் காணவில்லை!

மறுநாள் கணக்கு முடிந்தபோது ஒருவர்கூடச் சாகவில்லை. சுமார் ஒரு டஜன் பேருக்கு மருத்துவமனையில் சிகிச்சை. மற்றவர்கள் கூடாரங்களிலும், பண்ணைக் கொட்டகைகளிலும், ஹானிஸ்டர் கணவாயில் இருக்கும் சிலேட்டுச் சுரங்கத்திலும் ஈரச் சாக்ஸைப் பிழிந்து காயப்போட்டுக் கொண்டிருந்தார்கள். ஆனால் அதற்குள் தீர்ப்பு எழுதியாகிவிட்டது: பொறுப்பில்லாதவர்கள், பைத்தியங்கள், இதையெல்லாம் தடை செய்யணும்...

கொஞ்சம் பொறுங்கள். இது என்ன போட்டி என்று யாராவது கேட்டார்களா?

'ஒரிஜினல் மவுன்டன் மாரத்தான்' 1968-ல் தொடங்கியது. அக்டோபர் கடைசி வார இறுதியில், வானிலை மோசமாக இருக்கும் என்று தெரிந்தே நடத்துவார்கள். இரண்டு இரண்டு பேராக இரண்டு நாள் ஓட்டம். கூடாரம், ஸ்லீப்பிங் பேக், அடுப்பு, சாப்பாடு எல்லாம் அவரவர் முதுகில். அம்புக்குறி கிடையாது, கயிறு கட்டிய பாதை கிடையாது. கையில் மேப்பும் காம்பஸும் மட்டும்.

முக்கியமான விஷயம், முதல் நாள் இரவு மலையில் படுத்துத் தூங்குவதுதான் போட்டியின் விதியே! போட்டியைப் பாதியில் நிறுத்திவிட்டதால் யார் எங்கே ஒதுங்கினார்கள் என்ற கணக்கு வந்து சேரவில்லை, அவ்வளவுதான். கணக்கில் வராதவர்கள் செய்தியில் 'காணாமல் போனவர்கள்' ஆகிவிட்டார்கள். கூடாரத்தோடு போனவன் ராத்திரி வீடு திரும்பவில்லை என்று ஒப்பாரி வைத்தால் எப்படி?

அந்த வருடம் போட்டி தொடங்கிய சீத்வெயிட், இங்கிலாந்திலேயே அதிக மழை பெய்யும் ஊர்களில் ஒன்று. ஆண்டுக்கு 3000 மி.மீ.க்கு மேல். அதற்கு மேலே இருக்கும் மலைகளில் பல இடங்களில் பாசி மட்கி உருவான சதுப்புதான். இலையுதிர் காலத்தில் அது தண்ணீர் குடித்து ஊறிக் கிடக்கும். பளிச்சென்று பச்சையாகத் தெரியும் ஸ்ஃபாக்னம் பாசியில் கால் வைத்தால் முழங்கால் வரை உள்ளே போகும். கோரை முளைத்த இடம் ஈரம், ஹெதர் புதர் இருக்கும் இடம் ஓரளவு கெட்டி. இங்கே ஓடுகிறவர் ஒவ்வொரு அடிக்கும் நிலத்தைப் படித்தாக வேண்டும். தார்ச்சாலையில் காதில் பாட்டு மாட்டிக்கொண்டு ஓடும் சமாச்சாரம் இல்லை இது.

எதிர்த்தரப்பின் வலுவான வாதம் ஒன்று உண்டு. மீட்புக்குப் போகிறவர்கள் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். அவர்கள் உயிரை ஏன் பணயம் வைக்க வேண்டும்? நியாயமான கேள்வி. அன்று காலை போட்டியைத் தொடங்கியிருக்கவே கூடாது என்று வாதிடுவதிலும் தப்பில்லை. ஆனால் அது ஒரு நாளைப் பற்றிய கேள்வி. அதை வைத்துக்கொண்டு விளையாட்டையே மூடு என்பது என்ன நியாயம்?

அந்த இரவில் பெரும்பாலானவர்களைக் காப்பாற்றியது எது? முதுகில் சுமந்த மூட்டையும், அதைப் பயன்படுத்தத் தெரிந்த புத்தியும். கோபப்பட வேண்டுமானால், எடை குறைக்கிறேன் என்று மழைக்கோட்டையும் கையுறையையும் வீட்டில் வைத்துவிட்டு வருகிறவர் மேல் கோபப்படுங்கள். குளிர்காற்றில் நனைந்த உடம்போடு அவர் உட்கார்ந்துவிட்டால், தன்னார்வலர்தான் மேலே ஏறி வர வேண்டும். அவரைத் தொடக்கக் கோட்டிலேயே திருப்பி அனுப்புங்கள், யாரும் கேட்கப் போவதில்லை.

மற்றபடி, மலைக்கு வேலி போட்டால் ஆபத்து குறையாது. மலையில் எப்படிப் பிழைப்பது என்று தெரிந்தவர்கள்தான் குறைவார்கள். அடுத்த புயலில் மாட்டிக்கொள்ளும்போது பக்கத்தில் யார் இருக்க வேண்டும்? காம்பஸ் பார்க்கத் தெரிந்தவரா, டிவி பார்த்துப் பதறுகிறவரா?

அடுத்த ஆண்டே போட்டி மறுபடியும் நடந்தது. ஈரச் சாக்ஸோடு நிறையப் பேர் வந்தார்கள் :-)