ஆங்கிலம் பேசும் நா

நம் பிள்ளைகள் ஆங்கிலத்தை விரைவாகவும் தடங்கலின்றியும் பேச வேண்டும் என்னும் வேட்கை இன்று தோட்டத்து வீடுகளிலெல்லாம் குடிகொண்டிருக்கிறது. பால்மரம் சீவுவோரும் செம்பனைக் குலை அறுப்போரும் தம் மக்களேனும் நிழலில் அமர்ந்து வேலை பார்க்க வேண்டும் என விழைகின்றனர். அவ்விழைவை யாம் போற்றுகிறோம். ஆயினும், அதனை அடையும் வழியெனக் கருதிப் பெற்றோர் சிலர் மேற்கொள்ளும் செயல்கள் எமக்கு உடன்பாடானவை அல்ல. தமிழ்ப்பள்ளியில் பயின்றால் ஆங்கிலம் வராது என்றெண்ணிப் பிள்ளையை வேறு பள்ளிக்கு மாற்றுவோர் உளர். வீட்டில் தமிழை நிறுத்திவிட்டுத் தமக்குத் தெரிந்த நாலைந்து ஆங்கிலச் சொற்களைக் கொண்டே குடும்பம் நடத்த முயல்வோரும் உளர். மாணவர் எண்ணிக்கை குறைந்தால் தோட்டப் பள்ளியின் கதவு என்னாகும் என்பதை நாம் அனைவரும் அறிவோம். ஆதலின் இப்பொருள் குறித்து எம் கருத்தை இம்மலரின் வாயிலாக வெளிப்படையாகவே கூறுகிறோம்.

தமிழும் ஆங்கிலமும் இந்நாட்டில் பகைமொழிகளாகப் பிறந்தவை அல்ல. 1816-ஆம் ஆண்டில் பினாங்கு ஃபிரீ ஸ்கூலில் தொடங்கப்பெற்ற தமிழ் வகுப்பையே மலேசியத் தமிழ்க் கல்வியின் தோற்றுவாயாகக் கொள்கிறோம். அதுவோ ஓர் ஆங்கிலப் பள்ளி! தோட்டங்கள் பெருகிய பின்னரே நிலை திரிந்தது. கிராணிமார் பிள்ளைகள் பட்டணத்து ஆங்கிலப் பள்ளிக்குச் சென்றனர். பாட்டாளி மக்களின் பிள்ளைகள் தோட்டத்துப் பள்ளியில் தமிழ் படித்தனர். ஆங்கிலம் உயர்ந்தோர் மொழி, தமிழ் கூலிக்காரர் மொழி என்னும் தாழ்வெண்ணம் அங்கேதான் வேரூன்றியது. 1970 முதல் ஆங்கிலப் பள்ளிகள் படிப்படியாகத் தேசிய மொழிப் பள்ளிகளாயின. அவ்வெண்ணம் மட்டும் மாறவில்லை. 2003-இல் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் போதிக்கப்பெற்றன. அதனைக் கைவிடும் முடிவு 2009-இல் வெளியாயிற்று. 2016-இல் இருமொழித் திட்டம் வந்தது. இவற்றின் நிறைகுறைகளை ஈண்டு ஆராயப் புகவில்லை. ஒன்று மட்டும் கூறுவோம்: கணக்குப் பாடத்தில் விடை எண்ணாக வந்து நிற்கிறது. பிள்ளை நான்கு வாக்கியம் தொடர்ந்து பேச வேண்டிய தேவை அங்கு மிகக் குறைவு. பேச்சு வேண்டுமாயின் பேசுவதற்கே நேரம் ஒதுக்க வேண்டும்.

நம் பிள்ளை ஏன் தயங்குகிறது? "நான் நேற்று அப்பாவுடன் கடைக்குப் போனேன்" என்பதை எடுத்துக்கொள்வோம். ஆங்கிலத்தில் "ஐ வென்ட் டு த ஷாப் வித் மை ஃபாதர் எஸ்டர்டே" என வரும். தமிழில் இறுதியில் நிற்கும் வினை அங்கே இரண்டாம் இடத்திற்குத் தாவிவிடுகிறது. கடையின் பின்னால் ஒட்டியிருந்த வேற்றுமை உருபு முன்னால் தனிச்சொல்லாய் நிற்கிறது. நேற்று என்பதோ வால் போல் கடைசிக்குப் போய்விட்டது. தமிழில் வாக்கியம் அமைத்து, பின் அதைச் சொல் சொல்லாகப் பெயர்த்து, ஏறத்தாழ தலைகீழாக அடுக்கிய பின்னரே வாய் திறக்கும் பிள்ளை எங்ஙனம் விரைந்து பேசும்? நாவுக்குக் குறையொன்றுமில்லை. உள்ளே நடக்கும் வேலைதான் மிகுதி.

இதற்கு மறுபுறமும் ஒன்றுண்டு. முதலாம் ஆண்டில் சேர்ந்து ஒரு திங்கள் நிறையாத பிள்ளை, "மே ஐ கோ அவுட், டீச்சர்?" என அம்பு பாய்வது போல் கேட்கிறது. (அவசரம் அத்தகையது என்று நகைப்போரும் உண்டு.) அத்தொடரில் எது எழுவாய், எது வினை என்பதை அது அறியாது. முழுத் தொடரும் ஒரே சொல்லாக அதன் மனத்தில் பதிந்திருக்கிறது. எனவே பெயர்க்க வேண்டியதும் இல்லை, அடுக்க வேண்டியதும் இல்லை. இத்தகைய முழுத்தொடர்கள் நூறோ இருநூறோ நாவில் பழகிவிட்டால் பிள்ளை பாதி வழியைக் கடந்துவிடும். தனிச்சொற்களைப் பட்டியலிட்டுப் பொருளெழுதி மனனம் செய்யும் வழக்கத்தினும் இதுவே பயன் தருவது என்பது எம் துணிபு.

விரைவு என்றவுடன் வானொலியில் கால்பந்தாட்ட வருணனை செய்பவரைப் போல் பொரிந்து தள்ளுவதே திறமை எனச் சிலர் நினைக்கின்றனர். அவ்வாறு பேசி எதிரிலிருப்பவர்க்கு விளங்காமற் போவதில் யாது பயன்? ஆங்கிலேயர் எல்லா எழுத்தையும் விரைவாக ஒலிப்பதில்லை. சிலவற்றை அழுத்திச் சிலவற்றை விழுங்குகின்றனர். "பிரெட் அண்ட் பட்டர்" என்பது அவர் வாயில் "பிரெட்ன் பட்டர்" ஆகிறது. "வெஜிடபிள்" என நாம் நான்கு அசையாகச் சொல்வதை அவர் "வெஜ்டபிள்" என மூன்றில் முடிக்கிறார். நம் பிள்ளையோ ஒவ்வோர் அசைக்கும் சமமான இடங்கொடுத்து, அதற்கும் மேலாக "புக்கு", "மில்க்கு" என இறுதியில் உகரமும் சேர்த்துக்கொள்கிறது. அடிக்கு அடி இவ்வாறு அசை கூடினால் பேச்சு நீளாமல் என்ன செய்யும்? குறைத்தொலிப்பது நமக்குப் புதிதா? ஒரு மாத்திரை பெற வேண்டிய உகரம் அரை மாத்திரையாய்க் குறைவதைக் குற்றியலுகரம் என நம் இலக்கணம் பெயரிட்டுக் கூறியிருக்கிறது. "வந்துகொண்டிருக்கிறேன்" என எழுதுகிறோம், "வந்துகிட்டிருக்கேன்" எனப் பேசுகிறோம். தமிழ் இலக்கணத்தைச் செவ்வனே பயின்ற பிள்ளைக்கு இவ்வாங்கில இயல்பை விளக்குவது எளிது. யாம் ஐந்தாம் ஆண்டு வகுப்பில் குற்றியலுகரத்தைக் காட்டியே இதனை விளக்கி வருகிறோம்.

இனிப் பயிற்சி. ஒரே செய்தியை மூவரிடம் அடுத்தடுத்துக் கூறச் செய்யும் முறையொன்று உண்டு. முதல்வரிடம் நான்கு நிமிடம், அடுத்தவரிடம் மூன்று, மூன்றாமவரிடம் இரண்டு. கீத் மாரிஸ் என்பார் 1983-இல் எழுதிய இம்முறையை நியூசிலாந்துப் பேராசிரியர் பால் நேஷன் ஆராய்ந்து பரப்பினார். கேட்பவர் மாறுவதால் சொல்பவர்க்குச் சலிப்பில்லை. நேரம் குறைவதால் புதிதாய்ச் சேர்க்க இடமில்லை. சொன்னதையே இடைநிறுத்தமின்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. நம் சிறார்க்கு நான்கு நிமிடம் மிகுதி. ஆதலின் இரண்டு, ஒன்றரை, ஒன்று என எமது பள்ளியில் சுருக்கிக்கொண்டோம். பொருளும் அவர்கள் நன்கறிந்ததாகவே இருக்க வேண்டும். இலண்டன் மாநகரத்துப் பாலத்தை விவரி என்றால் பிள்ளை விழிக்கும். அப்பா நீண்ட கழியின் நுனியிலுள்ள அரிவாளால் எவ்வாறு குலை அறுக்கிறார், அம்மா உதிரிப் பழங்களை எவ்வாறு பொறுக்கிச் சாக்கில் சேர்க்கிறார், லோரி எப்போது வருகிறது எனக் கேட்டால் கண் மலரும். செய்தியைத் தேடும் வேலை இல்லாதபோது மொழியைத் தேட மனத்திற்கு ஓய்வு கிடைக்கிறது. இதில் தோட்டத்துப் பிள்ளை பட்டணத்துப் பிள்ளைக்கு எவ்வகையிலும் குறைந்ததன்று.

பேச்சின் நடுவே பிழை திருத்துவதை யாம் விரும்புவதில்லை. "ஹி கோ" என்றவுடன் "ஹி கோஸ்" எனக் குறுக்கிடும் ஆசிரியர் ஒரு பிழையைத் திருத்தி ஒரு வாயை மூடிவிடுகிறார். பேசி முடித்த பின் இரண்டு பிழைகளைச் சுட்டினால் போதும். வகுப்பில் நகைக்கும் பிள்ளைகளையோ கண்டிப்பாக அடக்கியே ஆக வேண்டும். இதில் எமக்குத் தயவு தாட்சணியம் கிடையாது. படிவம் ஒன்றுக்குச் செல்லும் நம் பிள்ளைகள் வகுப்பின் பின்வரிசையில் வாயடைத்து அமர்ந்திருப்பதற்கு ஆங்கிலம் அறியாமையைக் காட்டிலும் நகைப்புக்கு அஞ்சுதலே பெருங்காரணம்.

மூன்றே திங்களில் சரளமான ஆங்கிலம் என விளம்பரம் செய்யும் வகுப்புகளைப் பற்றிப் பெற்றோர் எம்மிடம் வினவுகின்றனர். அரைநாள் சம்பளத்தைக் கொண்டுபோய்க் கொட்டுமுன், அங்கே உங்கள் பிள்ளை ஒரு மணி நேரத்தில் எத்தனை நிமிடம் வாய் திறக்கிறது என்று கேட்டறியுங்கள். நாற்பது பேரை அமர்த்தி ஒருவரே பேசுவாராயின், பேசப் பழகுபவர் அவர் ஒருவரே.

வீட்டில் தமிழிலேயே பேசுங்கள். கதை கூறுங்கள், வேலையில் நடந்ததைச் சொல்லுங்கள், பிள்ளையையும் சொல்லச் செய்யுங்கள். நிகழ்ந்ததை முதலும் முடிவுமாகக் கோவைப்படுத்திச் சொல்லும் ஆற்றலைத் தாய்மொழியில் பெற்ற பிள்ளை, அதனை மலாய்க்கும் ஆங்கிலத்திற்கும் எடுத்துச் செல்கிறது. தமிழிலேயே சொல்லத் தெரியாத பிள்ளைக்கு எம்மொழியில் சொல் கொடுத்தும் என்ன?

வரும் ஆண்டு முதல் ஐந்தாம், ஆறாம் ஆண்டு மாணவர் ஒவ்வொருவரும் வாரந்தோறும் வகுப்பில் பழகிய கதையை வீட்டில் மூன்று முறை ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும் எனப் பணித்துள்ளோம். கேட்பவர் ஆங்கிலம் அறிந்திருக்க வேண்டியதில்லை. பாட்டியானாலும் சரி, கடிகாரத்தைப் பார்த்து நேரம் சொன்னால் போதும். பிள்ளை தயங்கினால் சொல்லெடுத்துக் கொடுக்காமல் சற்றே காத்திருங்கள். மூன்றாம் முறை முடிந்ததும் என்ன சொன்னாய் என்று தமிழில் ஒருமுறை கேளுங்கள். பின்னர்க் குறிப்பேட்டில் நாளிட்டுக் கையொப்பமிட்டு அனுப்புங்கள். கைநாட்டு வைத்தாலும் ஏற்றுக்கொள்வோம்.