ஓடுகிறது, ஆனால் உரிமை உண்டா?

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்திக்கொண்டது. அதற்குப் பல மாதங்கள் முன்பிருந்தே சிறிய அலுவலகங்கள், டைப்பிங் சென்டர்கள், ஆடிட்டர்களின் அறைகள் என்று எங்கும் விண்டோஸ் 11-க்கு மாறும் பேச்சுதான். தெரிந்த மெக்கானிக் ஒருவர் வருவார், பென் டிரைவைச் செருகுவார், சற்று நேரத்தில் புதிய திரை மலரும். சில நூறு ரூபாய் கை மாறும். அந்தப் புதிய விண்டோஸுக்கு லைசென்ஸ் எங்கிருந்து வந்தது என்று கேட்பவர்கள் குறைவு.

கேட்க வேண்டிய கேள்வி அது. ஏனென்றால் அப்கிரேட் என்பது தனியாக நிற்கும் உரிமை அல்ல. ஏற்கெனவே இருக்கும் ஓர் உரிமையின் மீது கட்டப்படும் மாடி. அடித்தளம் போலியானால் மாடிக்கும் அதே கதி.

1995-ல் விண்டோஸ் 95 வந்தபோது இது கண்ணுக்குத் தெரிந்தது. முழுப் பதிப்பைவிட அப்கிரேட் பதிப்பு மலிவு. ஆனால் அது கம்ப்யூட்டரில் பழைய விண்டோஸைத் தேடும். இல்லாவிட்டால், பழைய பதிப்பின் ஃப்ளாப்பியைக் காட்டு என்று கேட்கும். பழைய துணியைக் கொடுத்துப் பாத்திரம் வாங்குவது போன்ற பேரம் அது. கொடுத்த துணியை மறுபடி உடுத்த முடியாது. அதேபோல, அப்கிரேடுக்கு அடிப்படையான பழைய லைசென்ஸை இன்னொரு கம்ப்யூட்டருக்குக் கொண்டுபோகவும் முடியாது.

2015 ஜூலை 29-ல் விண்டோஸ் 10 வந்ததும் ஃப்ளாப்பி கேட்கும் காட்சி மறைந்தது. விண்டோஸ் 7, 8.1 வைத்திருந்தவர்களுக்கு ஓராண்டு வரை இலவசம் என்றது மைக்ரோசாஃப்ட். திருட்டுப் பிரதி வைத்திருப்பவர்களும் மாறிக்கொள்ளலாம் என்ற செய்தி அந்த ஆண்டு மார்ச்சில் பரவியபோது பலர் மகிழ்ந்தார்கள். மகிழ்ச்சி நீடிக்கவில்லை. மாறினாலும் போலி போலியாகவே இருக்கும் என்று நிறுவனம் பின்னர் விளக்கியது. சலுகை 2016 ஜூலை 29-ல் முடிந்தது. ஆனால் பழைய விண்டோஸ் 7 கீயைத் தட்டினால் புதிய விண்டோஸ் அதன் பிறகும் உயிர் பெற்றது. அந்தக் கதவைச் சாத்துவதாக மைக்ரோசாஃப்ட் 2023 செப்டம்பரில்தான் அறிவித்தது. சலுகை முடிந்த பிறகும் கீ ஏழாண்டு வேலை செய்ததால், ஆக்டிவேட் ஆனால் போதும், அதுவே லைசென்ஸ் என்ற எண்ணம் பலர் மனதில் ஊறிவிட்டது.

முறையான விண்டோஸ் 10 இருந்தால் 11-க்கு மாறக் கட்டணம் இல்லை. ஹோம் பதிப்பு ஹோமாகவும், புரோ பதிப்பு புரோவாகவும் மாறும். ஆனால் இம்முறை கம்ப்யூட்டரும் தேர்வு எழுத வேண்டும். டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி, ஏற்கப்பட்ட பிராஸஸர், 4 ஜிபி நினைவகம் ஆகியவை வேண்டும். இன்டெல் வகையில் பொதுவாக எட்டாவது தலைமுறைக்கு முந்தைய பிராஸஸர்கள் தேறுவதில்லை. தேறாதவர் புதிய கம்ப்யூட்டர் வாங்கப் போகிறார். அங்கே அடுத்த சிக்கல் காத்திருக்கிறது.

பெரிய கம்பெனிகளின் கம்ப்யூட்டரோடு வரும் லைசென்ஸ் ஓஇஎம் வகை. அது அந்தக் கம்ப்யூட்டரோடு பிறந்து அதோடு முடிவது. விற்றால் கூடவே போகலாம், கழற்றி வேறொன்றில் மாட்ட முடியாது. பழுதான மதர்போர்டை மாற்றினால் பாதகமில்லை. வேகத்துக்காக மாற்றினால் அது வேறு கம்ப்யூட்டராகக் கருதப்படும். கடையில் தனியாக விலை கொடுத்து வாங்கும் ரீடெய்ல் லைசென்ஸை மட்டுமே, பழையதிலிருந்து நீக்கிவிட்டுப் புதியதற்கு மாற்றலாம். ஆகவே, பழைய கம்ப்யூட்டரோடு லைசென்ஸ் வந்ததுதானே என்று நினைத்து, விண்டோஸ் இல்லாத அஸெம்பிள்டு கம்ப்யூட்டர் வாங்குகிறவரிடம் உண்மையில் எதுவும் இல்லை.

அதிகம் பேர் சறுக்குவது வால்யூம் லைசென்ஸில். நிறுவனங்கள் மொத்தமாக வாங்கும் இதுவும் விண்டோஸைப் பொறுத்தவரை அப்கிரேட் மட்டுமே. ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் தகுதியுள்ள ஓர் அடிப்படை லைசென்ஸ் முன்பே இருக்க வேண்டும். வணிக நிறுவனங்களுக்கு ஹோம் பதிப்பு அந்தத் தகுதியைத் தராது, கல்வி நிறுவனங்களுக்குத் தரும். நிறுவனமோ மலிவாகக் கிடைக்கிறதே என்று ஹோம் பதிப்புள்ள 20 லேப்டாப்களை வாங்கி, வால்யூம் கீயைப் போட்டுவிடுகிறது. கீ எதையும் விசாரிப்பதில்லை. இருபதும் ஆக்டிவேட் ஆகின்றன. பணம் கொடுத்தாயிற்று, பில்லும் இருக்கிறது. ஆனாலும் தணிக்கை வரும்போது இருபதுக்கும் உரிமை இல்லை என்று ஆகிவிடும்.

வேண்டுமென்றே செய்வோருக்குச் சட்டம் கடுமையானது. காப்புரிமைச் சட்டம் 1957-ன் 63பி பிரிவின்படி, சட்டவிரோதப் பிரதி என்று தெரிந்தே கம்ப்யூட்டரில் பயன்படுத்தினால் 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். வணிக லாபத்துக்காக அல்லாமல் பயன்படுத்தியிருந்தால் சிறையைத் தவிர்த்து 50,000 ரூபாய்க்குள் அபராதத்தோடு விட நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. ஹோம் பதிப்பைக் குழப்பிக்கொண்ட நிறுவனம் திருடன் அல்ல. ஆனால் விடுபட்ட லைசென்ஸுகளை மறுபடி விலை கொடுத்து வாங்க வேண்டியிருக்கும்.

நேரு பிளேஸிலோ, லாமிங்டன் சாலையிலோ, ரிச்சி தெருவிலோ பழைய கம்ப்யூட்டர் வாங்குகிறவர் பணம் கொடுக்குமுன் செட்டிங்ஸில் ஆக்டிவேஷன் பக்கத்தைத் திறந்து பார்க்கலாம். டிஜிட்டல் லைசென்ஸ் என்று இருந்தால் நல்ல அறிகுறி, அதுவே முழு அத்தாட்சி ஆகாது. உங்கள் நிறுவனத்தின் ஆக்டிவேஷன் சேவை என்று இருந்தால் உஷாராக வேண்டும். வீட்டுக்கு வாங்குகிறவருக்கு ஏது நிறுவனம்? அது முந்தைய சொந்தக்காரரின் வால்யூம் லைசென்ஸாகவோ போலியாகவோ இருக்கும்.

பில்லில் கம்ப்யூட்டரின் மாடலோடு விண்டோஸின் பதிப்பும், லைசென்ஸ் ஓஇஎம்மா ரீடெய்லா என்பதும் எழுதப்பட வேண்டும். எழுதித் தர கடைக்காரர் தயங்கினால், அந்த விலையில் லைசென்ஸ் சேரவில்லை என்று வைத்துக்கொண்டு பேரம் பேசுவதே புத்திசாலித்தனம்.